எப்படியும் அந்தப் பக்கம்தானே போறீங்க?

போற வண்டிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அவரிடம் சொந்தமாக வண்டி இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சாலையில் ஓடுகிற வண்டியெல்லாம் தன் சாமானை ஏற்றிக்கொள்வதற்காகவே கிளம்பியிருக்கிறது என்று மனதார நம்புகிறவர் அவர். ஊறுகாய் பாட்டிலோ, மிக்சி ஜாரோ, மருமகள் மறந்துவிட்டுப் போன ஒற்றைச் செருப்போ, எதுவானாலும் காசு கொடுத்துப் பார்சலில் போடுவதைப் போன்ற தோல்வி அவருக்கு வேறில்லை. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவசரப்பட்டு எதிர்வீட்டைப் பார்க்காதீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஆம்பூருக்குத்தான் போக வேண்டும். பைபாஸ் ஓரத்தில் ஷபீ அஹமதுவின் கடை. உடைத்த கார்களிலிருந்து கழற்றிய கதவு, பம்பர், ரேடியேட்டர், ஸ்டியரிங் என்று கூரை முட்ட அடுக்கியிருக்கும். காயலான் கடை என்று சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். சரக்கில் குறை சொல்ல முடியாது. ஓடாததை ஓடும் என்று சொல்லி அவர் விற்றதே இல்லை. விற்றபின் அது ஊர் போய்ச் சேர வேண்டுமே, அங்கேதான் மனுஷர் வேறு ஆளாகிவிடுவார். காசு வாங்கி விற்பது வியாபாரம், காசு கொடுக்காமல் அனுப்புவது கலை என்பது அவர் கட்சி. "ஆண்டவன் எல்லா வண்டியிலயும் ஒரு மூலையைக் காலியா வச்சிருக்கான். நமக்குக் கண்ணு வேணும், அவ்ளோதான்" என்பார். இத்தனைக்கும் கடைக்கு நேர் எதிரே தேவசகாயத்தின் பார்சல் புக்கிங் ஆபீஸ். சாலையைத் தாண்டினால் போதும். அந்தச் சாலையைத் தாண்டாமலே ஷபீ பல வருஷம் கடை நடத்தினார்.

அவர் வழிமுறையைக் கொஞ்சம் கவனியுங்கள். 'இதை எடுத்துக்கொண்டு போகிறீர்களா' என்று ஒருநாளும் கேட்க மாட்டார். அது கத்துக்குட்டிகள் கேட்பது. முதலில் சலாமோ வணக்கமோ, பிறகு உடம்பு எப்படி, வீட்டில் எப்படி, பெண்ணுக்கு வரன் அமைந்ததா, அந்த முழங்கால் வலி தேவலையா, பிறகு டீ. டீ பாதி இறங்கியதும், "எப்போ கிளம்பறீங்க?" டீ முழுதும் இறங்கியதும், "எப்படியும் அந்தப் பக்கம்தானே போறீங்க?" குடித்த டீயைத் துப்ப முடியுமா? தலையை ஆட்டி முடிப்பதற்குள் உங்கள் மடியில் ஒரு சைலன்சர் உட்கார்ந்திருக்கும்.

"இவரு ஊருக்கெல்லாம் ஊத்தின டீக்கு ஒரு லாரியே வாங்கியிருக்கலாம்" என்பாள் அவர் மனைவி ஜஹீருன்னிசா. ஷபீ அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. டீ விருந்தோம்பல் கணக்கு. பார்சல் வாடகை நஷ்டக் கணக்கு. இரண்டையும் கலப்பது முறையா, நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று அவர் பார்க்க மாட்டார். கீழே மண்டபம் எந்த ஊர் என்று பார்ப்பார். "குடியாத்தமா? மாஷா அல்லா, நல்ல சம்பந்தம்" என்பார். குடியாத்தத்தில் ஒருவருக்கு பம்பர் போக வேண்டியிருக்கும். யாராவது இறந்துபோனாலும், வருத்தம் உண்மையாகவே பட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த ஊரிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று விசாரிப்பார். சத்துவாச்சாரி லாட்ஜ்களில், வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பங்களோடு அவருக்கு நல்ல பழக்கம். நோயாளி குணமானால் அவர்கள் வீட்டாருக்கு அடுத்தபடி சந்தோஷப்படுகிறவர் ஷபீதான். கொல்கத்தாவில் இன்னும் அம்பாசடர் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு டைனமோ போக வேண்டாமா?

எல்லாம் சுகமாகப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல மாட்டேன். டேனரி லாரியில் ஈரத் தோலுக்கு நடுவே உட்கார்ந்து ராணிப்பேட்டை போன கார் ஏசி ஒன்று உண்டு. வாங்கியவர் போன் செய்து, "ஏசி நல்லாத்தான் ஓடுது பாய், ஆனா போட்டா வண்டிக்குள்ள மாடு நிக்குது" என்றார். ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்குப் போகிற தூபா என்ற பெண், கம்பெனி பஸ்ஸில் ஒரு வாரம் முழுக்க இண்டிகா கதவுக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தாள். வாங்க வேண்டிய ஆள் ஸ்டாப்புக்கு வந்தது அடுத்த வாரம்தான். அந்தக் கண்ணாடிக்குத் தனியாக ஒரு சீட்டு ஒதுக்கச் சொல்லி பஸ்ஸிலிருந்த பெண்கள் கம்பெனியில் கேட்டதாகக் கேள்வி. இதெல்லாம் ஷபீக்கு உறைக்கவில்லை. எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்ததா இல்லையா? சேர்ந்தது. வாடகை உண்டா? கிடையாது. பிறகென்ன பேச்சு?

பேச்சு வந்தது. போன வைகாசியில் வந்தது.

நெமிலியில் கன்னியப்பன் என்று ஒரு டிரைவர். சொந்தமாக ஒரு பழைய டவேரா வைத்து வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவர். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி, சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வரும் பையர்களைச் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவர வருஷக் காண்டிராக்டில் வண்டி எடுக்கப்போவதாகச் சொல்லி, திங்கட்கிழமை காலை வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தது. கன்னியப்பன் வாழ்க்கையில் அப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை. வாய்ப்பு வந்த அதே வாரம் கியர்பாக்ஸ் போய்விட்டது. நமக்கெல்லாம் நல்லது தனியாக வருமா?

புது கியர்பாக்ஸ் வாங்க அவருக்கு வசதி இல்லை. ஷபீயிடம் நல்லதொரு பழையது இருந்தது.

"பாய், சனிக்கிழம வந்துட்டா, ஞாயித்துக்கிழம மெக்கானிக்க உக்கார வச்சு மாட்டிடுவேன். திங்கக்கிழம வண்டி ஓடலன்னா என் பொழப்பே போச்சு" என்றார் கன்னியப்பன் போனில். "பார்சல் சார்ஜ் வேணா நான் குடுத்துடறேன்."

கடைசி வாக்கியம் ஷபீயின் மானத்தைச் சுட்டுவிட்டது.

"இன்னா கன்னியப்பா, என்னாண்டயே சார்ஜ் பத்திப் பேசற? சனிக்கிழம மத்தியானம் உன் வீட்டு வாசல்ல இருக்கும். இது ஷபீ சொல்ற வார்த்தை."

வார்த்தை கொடுத்துவிட்டுத் தேடினால், அந்த வாரம் பார்த்து நெமிலிப் பக்கம் போகிறவர் ஒருவரும் இல்லை. ஷபீ கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் புரட்டினார். இருந்தது. சனிக்கிழமை வாலாஜாபேட்டையில் முனீர் அகமது வீட்டு வலீமா, மாப்பிள்ளை வீட்டார் தரும் கல்யாண விருந்து. பிரியாணி ஆம்பூரிலேயே தேக்சா என்கிற பெரிய அண்டாக்களில் சமைத்து, டெம்போவில் போகிறது. டெம்போ ஓட்டுகிற நாகேந்திரனுக்கு ஊர் எது தெரியுமா? நெமிலி. மண்டபத்தில் பிரியாணியை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வந்து பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூர் திரும்புவான். ஷபீ வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடாத குறைதான்.

பிரியாணி மாஸ்டர் அப்துல் சமத் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "என் தேக்சாங்களுக்கு நடுவுல கிரீஸ் சாமானா? வாசனை ஏறிச்சுன்னா என் பேரு இன்னாத்துக்கு ஆவும் பாய்?"

வேறு ஆளாக இருந்தால் சாலையைத் தாண்டி எதிர் ஆபீஸுக்குப் போயிருப்பார். ஷபீ வீட்டுக்குப் போனார். கியர்பாக்ஸைச் சோப்புத் தூள் போட்டு, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டி, துடைத்து, பாலிதீனில் சுற்றி, அதன்மேல் அலமாரியிலிருந்த ஒரு ரோஜாப்பூப் போட்ட பெட்ஷீட்டைச் சுற்றி, மாஸ்டரிடம் மிச்சமிருந்த ஒரு காலி தேக்சாவுக்குள் இறக்கி, மூடி போட்டு, மற்ற தேக்சாக்களுக்குக் கட்டியிருந்ததைப் போலவே வெள்ளைத் துணியால் வாய்கட்டினார். மாஸ்டர் மோந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. டீயும் குடித்தாகிவிட்டது. சரி என்றார்.

தம் போட்ட தேக்சாவை வழியில் யாரும் பிரிக்க மாட்டார்கள், தெரியுமல்லவா? பந்தி உட்கார்ந்தபின், பெரியவர் பிஸ்மில்லா சொன்னபின்தான் மூடி திறக்கும். அதுவரைக்கும் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை முண்டாசு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்படியானால் கியர்பாக்ஸ் எது என்று நாகேந்திரன் எப்படிக் கண்டுபிடிப்பான்? அதற்கும் ஷபீ வழி வைத்திருந்தார்.

"தொட்டுப் பாருப்பா. சூடா இருந்தா அது பிரியாணி. சூடு இல்லாதது நம்முது."

அறிவாளிகளின் திட்டங்களில் எப்போதும் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். வைகாசி வெயிலில், ஆம்பூரிலிருந்து வாலாஜாபேட்டை வரைக்கும், கொதிக்கிற தேக்சாக்களுக்கு நடுவில் நெருங்கி உட்கார்ந்து போகிற இரும்பு எப்படி இருக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. மண்டபத்தில் நாகேந்திரன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சுட்டது. கதவோரம் காற்றுப் பட்டுக்கொண்டே வந்தது மட்டும் கொஞ்சம் கம்மியாகச் சுட்டது. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இறக்கச் சொல்லிவிட்டு, சொன்ன வேலையைச் சரியாகச் செய்த திருப்தியோடு நெமிலிக்கு வண்டியை விட்டான்.

ஷபீ மாப்பிள்ளை வீட்டு வேனில் வந்து சேர்ந்திருந்தார். வேன் எப்படியும் அந்தப் பக்கம் வந்தது. எதிர் ஆபீஸ் தேவசகாயத்துக்கும் அழைப்பு உண்டு; பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, பந்தியின் கோடியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தேக்சாவாகத் திறந்தார்கள். மண்டபமே மணந்தது. கத்தரிக்காய் வந்தது, தயிர்ப் பச்சடி வந்தது. ஷபீ இருந்த வரிசைக்குக் கடைசி தேக்சா. முனீர் அகமது பிஸ்மில்லா சொன்னார். மாஸ்டர் மூடியைத் தூக்கினார்.

உள்ளே ரோஜாப்பூ.

"இது இன்னா மாஸ்டர்?" என்றார் முனீர் அகமது.

"நான் போட்டது இல்ல பாய்" என்றார் மாஸ்டர். பெட்ஷீட்டைப் பிரித்தார். பாலிதீனைப் பிரித்தார். பிரித்துவிட்டு நிமிர்ந்து, கூட்டத்தில் ஷபீ எங்கே என்று தேடினார்.

ஷபீ எழுந்து நின்றார். வேறு வழி?

"டவேரா கியர்பாக்ஸ்" என்றார் மெதுவாக. பிறகு, பழக்க தோஷத்தில், "நல்ல கண்டிஷன்" என்று சேர்த்துக்கொண்டார்.

செய்தி திரையைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போக எவ்வளவு நேரம் ஆகும்? அங்கிருந்து ஜஹீருன்னிசாவின் குரல் மட்டும் வந்தது. "ரோஜாப்பூ பெட்ஷீட்டா? அது எங்கம்மா எனக்குச் சீரா குடுத்தது."

அந்த நேரம் பார்த்து ஷபீயின் போன் அடித்தது. கன்னியப்பன்.

"பாய், சாமான் வந்துடுச்சு."

"வந்துடுச்சா" என்றார் ஷபீ, எதிரிலிருந்த கியர்பாக்ஸைப் பார்த்தபடி.

"வந்துடுச்சு பாய். ஆனா தொறந்தா ஆவி வருது."

"கன்னியப்பா, மூடி வை. அப்படியே மூடி வை."

"எங்க மூடறது? சாமானப் பாக்க வந்த மெக்கானிக் ரெண்டாவது தட்டு போட்டுக்கினு இருக்கான். நாகேந்திரனும் பக்கத்துல குந்தியிருக்கான். வாசனைக்குத் தெருவே வந்துடுச்சு பாய். இன்னா விசேஷம்னு கேக்கறாங்க, எனக்கே தெரியலன்னு சொல்லிக்கினு இருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். குரல் இறங்கியது. "அது சரி பாய். கியர்பாக்ஸ் எங்க? நாளைக்கு மாட்டலன்னா திங்கக்கிழம நான் வண்டியத் தள்ளிக்கினுதான் கம்பெனிக்குப் போவணும். உங்க வார்த்தைய நம்பித்தான் வேற எங்கயும் கேக்கல."

விருந்தில் ஒரு தேக்சா குறைந்ததைப் பற்றி ஷபீ கவலைப்படவில்லை. அதற்கு வாங்குகிற திட்டை அவர் ஏற்கெனவே இரண்டு காதிலும் வாங்கிக்கொண்டிருந்தார். தன் சாமர்த்தியத்துக்காக வேறொருவன் பிழைப்பைப் பணயம் வைத்துவிட்டோமே என்று அப்போதுதான் முதல்முறையாக உறைத்தது. நாகேந்திரனைத் திரும்ப வரச் சொல்லலாம் என்றால், அவன் சாயங்காலம் வந்து பாத்திரத்தோடு ஆம்பூருக்குத்தான் போவான்; ராத்திரி அங்கே வேறு கல்யாணத்துக்கு டெம்போ சொல்லியாகிவிட்டது. மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கார், வேன், பைக் என்று வாசல் முழுக்க வண்டி. "யாராச்சும் நெமிலிப் பக்கம்..." என்று ஆரம்பித்தார். ஒருவரும் நிமிரவில்லை. அந்த வரிசையில் எல்லாருக்கும் எதிரே காலித் தட்டு. பிரியாணி வராத தட்டோடு உட்கார்ந்திருப்பவனிடம் உதவி கேட்கப்போனால் என்ன கிடைக்குமோ, அது கிடைத்தது.

ஷபீ பந்தியின் கோடிக்கு நடந்தார். ஆம்பூரில் இத்தனை வருஷமாகத் தாண்டாத சாலையை அன்று வாலாஜாபேட்டை மண்டபத்துக்குள் தாண்டினார்.

தேவசகாயம் அவசரப்படவில்லை. கையைக் கழுவி, துடைத்து, பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க பாய். உடம்பு எப்படி இருக்கு? வீட்ல எல்லாம் சவுக்கியமா? டீ சொல்லட்டுமா?"

ஷபீ தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். டீயும் வந்தது. குடித்தார்.

"எங்க வண்டி மூணு மணிக்கு வாலாஜாவுலேர்ந்து கிளம்புது" என்றார் தேவசகாயம். "நெமிலி மேலதான் அரக்கோணம் போவுது. எப்படியும் அந்தப் பக்கம்தான்." சட்டைப் பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். விருந்துக்கு வரும்போதும் அதை விட்டுவராத மனுஷர். "ஆனா, வாடகை உண்டு."

ஷபீ கொடுத்தார். பல் பிடுங்கிக்கொள்ள உட்கார்ந்தவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. தேவசகாயம் 'அனுப்புநர்' என்ற இடத்தில் ஷபீ அஹமது என்று எழுதும்போது மட்டும் எழுத்துக் கொஞ்சம் பெரிதாக விழுந்தது. பல வருஷத்து ஆசை, மன்னித்துவிடலாம்.

மாஸ்டர் இருந்த சோற்றையும் தால்ச்சா குழம்பையும் வைத்துப் பந்தியை எப்படியோ சமாளித்தார். ஷபீ சாப்பிடாமலே கை கழுவினார். பொழுது சாய்வதற்குள் கியர்பாக்ஸ், ரோஜாப்பூ பெட்ஷீட்டோடு, கன்னியப்பன் வாசலில் இறங்கியது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் முனகுகிற மெக்கானிக், சாப்பிட்ட பிரியாணிக்கு நன்றியாக, ஒரு வார்த்தை பேசாமல் வந்து மாட்டிக் கொடுத்தான். திங்கட்கிழமை காலை டவேரா கம்பெனி வாசலில் தானாகவே ஓடிப்போய் நின்றது. காண்டிராக்ட் கன்னியப்பனுக்கு. போன் செய்து சொன்னபோது அவர் அழுதுவிட்டார். ஷபீக்கும் கண் கலங்கியது. பொய் சொல்ல மாட்டேன்.

அதோடு மனுஷர் திருந்தினார் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வாரம் போயிற்று. ஷபீ போனை எடுத்தார்.

"கன்னியப்பா, உடம்பெல்லாம் எப்படி? பையரைக் கூட்டியார அடிக்கடி மெட்ராஸ் போறியாமே?"

"ஆமா பாய். எல்லாம் உங்க புண்ணியம்."

"நல்லா இரு. அது சரி, வரும்போது பையர் இருப்பாரு. போவும்போது வண்டி காலியாத்தானே போவுது?"

இப்போது சென்னைக்குப் போகிற ஷபீயின் சரக்கெல்லாம் ஏசி வண்டியில் போகிறது. போன மாதம் ஓர் இத்தாலிக்காரர், ஏர்போர்ட்டில் இறக்க மறந்துபோன பியட் பம்பர் ஒன்றோடு ராணிப்பேட்டை வந்து சேர்ந்தார். பேச்சுத் துணைக்குத் தன் ஊர்க்கார பம்பர் ஒன்று கிடைத்தது என்று அவருக்குச் சந்தோஷமாம்.

ஷபீயை விடுங்கள், அவர் பிறவி அப்படி. அதைவிட எனக்கு ஆச்சரியம் தேவசகாயம்தான். போன வாரம் ஒருநாள் மத்தியானம், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தார்.

"பாய், ஓசூர் பக்கம் யாராச்சும் போறாங்களா? பொண்ணுக்குக் குடுத்தனுப்பணும்."

"உங்க ஆபீஸ்லயே போடறதுதானே சார்?"

"போடலாம் பாய்" என்றார் தேவசகாயம். "சார்ஜ் ஆவுமே."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன தடவை மைத்துனர் ஊருக்குக் கிளம்பும்போது அவர் பையில் மேலாக ஒரு பொட்டலம் வைத்தது யார்? பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்புகிறான் என்றதும், பாராட்டினீர்களே, அந்தப் பாராட்டுக்கு அடுத்த வாக்கியம் என்ன? இனிமேல் வீட்டுக்கு வந்தவருக்கு டீ கொடுக்கும்போது உங்கள் வாயைக் கொஞ்சம் காவல் காத்துக்கொள்ளுங்கள். டம்ளர் காலியானதும் நாக்கு நுனியில் ஒரு கேள்வி வந்து நிற்கிறதா பாருங்கள். நின்றால், எதிர்வீட்டைப் பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே ஏன் சொன்னேன் என்பது புரியும்.

நிற்கவில்லையா? நீங்கள் தப்பித்தீர்கள். உங்களைப் போன்ற நல்ல மனுஷரைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஜஹீருன்னிசா இன்னும் கணவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ரோஜாப்பூ பெட்ஷீட்டைக் கன்னியப்பன் மனைவி துவைத்து மடித்து நெமிலியில் தயாராக வைத்திருக்கிறாள். யாராவது ஆம்பூர் பக்கம் போனால் கொடுத்தனுப்பலாம் என்று சொன்னாள். அது கிடக்கட்டும், உங்களுக்கு உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? வீட்டில் சவுக்கியமா? உட்காருங்கள், முதலில் ஒரு டீ சாப்பிடலாம்.